குமரிப் பாதைகளுக்கு விலை உயர்ந்த சைக்கிள் ஃபோர்க் தேவையா?

குலசேகரம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். எடை 62 கிலோ. வைத்திருப்பது 29 இஞ்ச் ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் சைக்கிள். அதில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், சைக்கிளோடு வந்த சன்டூர் எக்ஸ்சிஎம். உள்ளே சுருள் கம்பி ஸ்பிரிங் உள்ள காயில் வகை, 100 மி.மீ. டிராவல், அதாவது அமுங்கும் தூரம். வார நாளில் தார் ரோட்டில் தக்கலைக்கு வேலைக்குப் போய்வருகிறார். ஞாயிற்றுக்கிழமை ரப்பர் தோட்டத்து வழி, கால்வாய்க் கரை, பேச்சிப்பாறை பக்கம் என்று சுற்றல். "வேர் மேல ஏறினா ஹேண்டில்பார் கையை உதறுது, ஒரு மணி நேரத்துல விரல் மரத்துப்போகுது. ஃபாக்ஸ் 34 வாங்கலாமா, இல்ல காசு தண்டமா அண்ணே?"

தம்பி, இப்போது இருக்கும் ஃபோர்க்கை மாற்றுவது தண்டமில்லை. ஆனால் ஃபாக்ஸ் கம்பெனியின் உயர்விலை ஃபோர்க்கான 34 வரை போவது, உங்கள் எடைக்கும் நீங்கள் ஓட்டும் இடத்துக்கும், தண்டம்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. அதில் நின்றுகொண்டால் கேட்ட சுகத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

ஃபோர்க்குக்குள் இரண்டு வேலை நடக்கிறது. அடியை வாங்கி அமுங்குவது ஸ்பிரிங். அமுங்கியது எந்த வேகத்தில் திரும்பி எழ வேண்டும் என்று அடக்கிப் பிடிப்பது டேம்பர். ஆபீஸ் கதவுகளில் போடும் டோர் க்ளோசரும் இப்படித்தான். ஸ்பிரிங் கதவை இழுக்கும், எண்ணெய் அதை அறையவிடாமல் மெதுவாகக் கொண்டுவந்து சேர்க்கும். எண்ணெய் வடிந்த க்ளோசர் போட்ட கதவு என்ன சத்தத்தில் அறையும் என்று தெரியுமல்லவா? தொடக்க விலை காயில் ஃபோர்க்குகளின் பிரச்சினை அதுதான். ஸ்பிரிங் இருக்கிறது, அதை அடக்க ஆள் இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது. உங்கள் ஃபோர்க்கின் ஒரு பக்கம் மேலே இருக்கும் குமிழ் பிரீலோடு, ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைப்பது. இன்னொரு பக்கம் லாக்கவுட், ஃபோர்க் அமுங்காமல் பூட்டுவது. ரீபவுண்டை, அதாவது திரும்பி எழும் வேகத்தை, கூட்டிக் குறைக்க ஒன்றுமே இல்லை.

ரப்பர் தோட்டத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ரப்பர் மரத்தின் பக்க வேர்கள் மண்ணுக்கு மேலாகவே ஓடும். சரிவில் படிப்படியாக வெட்டிய திட்டுகளில் மரங்கள் வரிசையாக நிற்பதால், அந்தத் திட்டு வழியே போனால் வேர்களும் வரிசையாகத்தான் வரும். முதல் வேரில் சக்கரம் ஏறும்போது ஃபோர்க் அமுங்குகிறது. அதில் குறையில்லை. வேரைத் தாண்டியதும் ஸ்பிரிங் மொத்தமாக விரிந்து சைக்கிளின் முன்பக்கத்தை மேலே எறிகிறது. சக்கரம் தரையை விட்டு எழும்பியிருக்கும் அந்த நொடியில் இரண்டாவது வேர் வந்துவிடும். அப்போது பிரேக் பிடித்தாலும் பயனில்லை, ஹேண்டிலைத் திருப்பினாலும் பயனில்லை. மூன்றாவது வேருக்குப் போகும்போது உங்கள் முழங்கைதான் சஸ்பென்ஷன் வேலை பார்க்கும். "கையை உதறுது" என்று நீங்கள் எழுதியது இதைத்தான். மாசி வாக்கில் உதிர்ந்த இலை வேரை மூடிக் கிடக்கும்போதும், ஆனி ஆடிச் சாரலில் வேர் வழுக்கும்போதும் விழுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வேரில்தான்.

ரீபவுண்ட் குமிழ் உள்ள, நல்ல எண்ணெய் டேம்பர் போட்ட ஃபோர்க்கில் சக்கரம் ஒவ்வொரு வேருக்கும் ஏறி, அதன் பின்னாலேயே இறங்கி, தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். இந்த வித்தியாசத்தை உணர அனுபவசாலியாக இருக்க வேண்டியதில்லை. முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரியும்.

இரண்டாவது விஷயம் உங்கள் எடை. காயில் ஸ்பிரிங் ஒரு நடுத்தர எடைக்குச் செய்து வருகிறது, பெரும்பாலும் உங்களைவிடக் கனமான ஆளை நினைத்து. பிரீலோடு குமிழைத் திருகினால் ஸ்பிரிங் மென்மையாகும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஆகாது. அது ஸ்பிரிங் எந்த இடத்திலிருந்து அமுங்கத் தொடங்குகிறது என்பதை மட்டும்தான் மாற்றும், கெட்டித்தன்மையை அல்ல. சோதித்துப் பாருங்கள். ஃபோர்க்கின் பளபளப்பான மேல் குழாயில், அது கீழ்க் காலுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் சீலை ஒட்டி, ஒரு கேபிள் டை கட்டுங்கள். சைக்கிளில் ஏறி, ஓட்டும் நிலையில் சும்மா நின்று, குலுக்காமல் இறங்குங்கள். கேபிள் டை 20 மி.மீ. அளவுக்கு மேலே தள்ளப்பட்டிருந்தால் சரி. 100 மி.மீ. டிராவலில் அது 20 சதவீதம், சாக் என்று சொல்வது இதைத்தான். பிறகு அதைக் கீழே இறக்கிவிட்டு, வழக்கமாகப் போகும் கரடுமுரடான வழியில் ஒரு சுற்று போய்வந்து மறுபடி பாருங்கள். 60 மி.மீ.கூடத் தாண்டவில்லை என்றால், காசு கொடுத்து வாங்கிய டிராவலில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் உங்களுக்கு உழைக்கிறது.

ஏர் ஃபோர்க்கில் இந்தத் தொல்லை இல்லை. ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த காற்று. உங்கள் எடைக்கு எவ்வளவு என்று பல ஃபோர்க்குகளின் காலிலேயே அட்டவணை ஒட்டியிருக்கும், அதன்படி அடித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம். அந்த வால்வு பைக் டியூபில் இருப்பதைப் போலவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு பஞ்சர் கடைக்காரர் ஹோஸை எடுத்துக்கொண்டு வருவார். விடாதீர்கள். உள்ளே இருக்கும் இடம் மிகச் சிறியது, கம்ப்ரஸர் காற்றில் அளவு நிற்காது. ஷாக் பம்ப் என்று மீட்டரோடு தனியாக ஒரு சின்னக் கைப்பம்பு வரும், அதை ஃபோர்க் வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

ஆக, நான் சொன்ன நடுப்படி இதுதான்: காற்று ஸ்பிரிங், எண்ணெய் டேம்பர், வெளியே ஒரு ரீபவுண்ட் குமிழ். சன்டூரில் எக்ஸ்சிஆர் ஏர், ரெய்டன். ராக்‌ஷாக்ஸில் ஜூடி, ரீகான். இந்த வகை. உங்கள் எக்ஸ்சிஎம்மிலிருந்து இங்கே தாவுவதுதான் பெரிய தாவல். எடையும் குறையும். எக்ஸ்சிஎம் இரண்டரை கிலோவுக்கு மேல் வரும், இவை 2 கிலோவை ஒட்டி நிற்கும்.

சரி, அதற்கு மேலே போனால் என்ன கிடைக்கும்? ஒன்றுமே கிடைக்காது என்று சொன்னால் பொய். மேல் குழாய் தடிமனாகிறது. ஜூடியில் 30 மி.மீ., ரீகானில் 32, ஃபாக்ஸ் 34-இல் பெயரிலேயே இருக்கிறது, ராக்‌ஷாக்ஸ் லிரிக்கில் 35, ஃபாக்ஸ் 38-இலும் ஸெப்பிலும் 38. தடித்த குழாய், வேகமாகப் பாறை மேல் இறங்கும்போது முறுக்கிக்கொள்ளாது. 90 கிலோ ஆள், ஜம்ப் அடிப்பவர் என்றால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். 62 கிலோவுக்கு 32 மி.மீ. குழாய் முறுக்குவதை நீங்கள் கவனிக்கப்போவதில்லை.

அப்புறம் டேம்பர். உயர்ந்த ஃபோர்க்குகளில் கம்ப்ரஷனை, அதாவது அமுங்குவதை அடக்கும் வேலையை, லோ ஸ்பீடு, ஹை ஸ்பீடு என்று இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனிக் குமிழ் கொடுத்திருப்பார்கள். இது சைக்கிளின் வேகத்தைச் சொல்வதில்லை. ஃபோர்க் எவ்வளவு வேகமாக அமுங்குகிறது என்பதைச் சொல்வது. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் மெதுவாகத் தாழ்வது லோ ஸ்பீடு. நீங்கள் நடை வேகத்தில் போய் ஒரு கல் விளிம்பில் இடித்தாலும் அது ஹை ஸ்பீடு. இரண்டையும் தனித்தனியாக அடக்க முடிந்தால், பிரேக்கில் மூக்கு குத்தாமல் அதே நேரம் கல்லையும் மென்மையாக விழுங்க வைக்கலாம். அருமையான விஷயம்தான். ஆனால் அதை உணர, தொடர்ந்து பத்து பதினைந்து நிமிடம் செங்குத்தாக இறங்கும் பாதை வேண்டும்.

அதற்கும் மேலே தங்க நிறம். ஃபாக்ஸ் ஃபேக்டரி வரிசையில் மேல் குழாய் பொன்னிறமாக மின்னும், காஷிமா பூச்சு என்பார்கள். உராய்வைக் குறைக்கும் ஜப்பானியப் பூச்சு. பெர்ஃபார்மன்ஸ் எலைட் என்று ஒருபடி கீழே இருப்பதில் அந்தப் பூச்சு இல்லை, ஆனால் உள்ளே டேம்பர் அதேதான். கண்ணைக் கட்டிவிட்டு இரண்டையும் அமுக்கச் சொன்னால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள் என்பது எனக்குச் சந்தேகம். ஃபேக்டரி வரிசை ஃபோர்க் வெளிநாட்டிலேயே ஆயிரம் டாலரை ஒட்டித்தான் விற்கிறது. இங்கே வந்து சேர்வதற்குள் உங்கள் முழு சைக்கிளின் விலையைத் தாண்டிவிடும்.

எடையும் குறையும்தான், ஃபாக்ஸ் 34 இரண்டு கிலோவுக்குள் அடங்கும். ஆனால் ஆடி மாதம் ஆரல்வாய்மொழி கணவாய்க்கு எதிராக ஒரு நாள் மிதித்துப் பாருங்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில் முக்கால் கிலோ குறைந்ததெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

இப்போது நம் ஊரில் எங்கே ஓட்ட முடியும் என்பதற்கு வருவோம். மலை இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அந்த மலையில் பெரும்பகுதி 2008-இல் அறிவித்த கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. மாவட்டத்தில் ஏறக்குறைய கால்வாசி அது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது சட்டப்படி குற்றம். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் செக்போஸ்ட் தாண்டி இஷ்டத்துக்கு இறங்கலாம் என்று கணக்குப் போட்டு ஃபோர்க் வாங்கக் கூடாது. யானை இருக்கிற காடு என்பதையும் மறக்க வேண்டாம். மிச்சம் நமக்கு இருப்பது தெரிந்தவர்களுடைய ரப்பர் தோட்டங்கள், கேட்டுவிட்டுப் போகக்கூடிய எஸ்டேட் வழிகள், செம்மண் பாதைகள், பட்டணங்கால், அனந்தனாறு, தோவாளைக் கால்வாய்களின் கரைகள். ரப்பர் தோட்டத்தில் ஐந்து நிமிடம் இறங்கினால் ஓடையோ தார் ரோடோ வந்துவிடும். கால்வாய்க் கரையில் இறக்கமே கிடையாது. அங்கே சிறு அதிர்வுகளை ஃபோர்க்கைவிட டயர்தான் வாங்குகிறது. வருடத்துக்கு ஒரு முறை ஊட்டி, மணாலி என்று போட்டிக்குப் போகிறவர் என்றால் கதை வேறு. நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை.

பொருத்துவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபோர்க்கின் மேலே ஃபிரேமுக்குள் நுழையும் குழாய் ஸ்டீரர். உங்கள் விலையில் வரும் சைக்கிள்கள் பலவற்றில் அது மேலிருந்து கீழ் வரை ஒரே தடிமனாக, 28.6 மி.மீ. இருக்கும். ஃபாக்ஸ் 34-க்குக் கீழ்ப்பக்கம் அகன்ற டேப்பர் ஸ்டீரர். ஸ்டீரர் நுழையும் ஃபிரேம் குழாயான ஹெட் டியூபின் உள்விட்டம் 44 மி.மீ. என்றால், வெளியே உட்காரும் கீழ்ப் பேரிங் கப் ஒன்றைப் போட்டு டேப்பரை நுழைத்துவிடலாம். 34 மி.மீ. என்றால் நுழையவே நுழையாது, எந்த மெக்கானிக் சொன்னாலும் நம்பாதீர்கள். அடுத்தது ஆக்ஸில். உங்கள் முன்சக்கரம், லீவரைத் தளர்த்திக் கழற்றும் 9 மி.மீ. குயிக் ரிலீஸாக இருக்கும். இப்போது வரும் உயர்விலை ஃபோர்க்குகள் 15 மி.மீ. ஆக்ஸில், 110 மி.மீ. அகலம், பூஸ்ட் என்று பெயர். உங்கள் ஹப் அதில் உட்காராது. புது ஹப், அதற்கேற்ற போக்ஸ் கம்பி, வீல் கட்டுகிற கூலி, இல்லையென்றால் முழு முன்வீல். ஃபோர்க் விலை என்று நீங்கள் பார்த்து வைத்திருப்பதோடு இதையும் கூட்டுங்கள்.

டிராவலையும் பாருங்கள். 100 மி.மீ.க்கு வடிவமைத்த ஃபிரேமில் 130 போட்டால் முன்பக்கம் உயரும், ஹெட் ஆங்கிள், அதாவது ஹெட் டியூப் நிற்கும் கோணம், ஒன்றரை டிகிரி அளவுக்குச் சாயும், ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஃபிரேமின் கழுத்தில் விழும் பாரமும் கூடும். ஃபிரேம் வாரண்டியும் போய்விடலாம். 100-லேயே இருங்கள், மிஞ்சினால் 120. ஜூடி சில்வர், எக்ஸ்சிஆர் ஏர் போன்றவை நேர் ஸ்டீரர், 9 மி.மீ. ஆக்ஸிலோடும் வருகின்றன. இருக்கிற வீலையே போட்டுக்கொள்ளலாம் என்பதாலும்தான் அவற்றைச் சொல்கிறேன்.

சர்வீஸ் என்று ஒன்று இருப்பது கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். ஏர் ஃபோர்க்கின் கீழ்க் கால்களைக் கழற்றித் துடைத்து, சீலுக்குள் இருக்கும் நுரை வளையத்தை நனைத்து, எண்ணெய் மாற்றுவதை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை செய்யச் சொல்கிறது ராக்‌ஷாக்ஸ். வாரம் 4 மணி நேரம் காட்டு வழியில் ஓட்டினால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். நமக்கு ஆனி ஆடிச் சாரல் ஒன்று, ஐப்பசி கார்த்திகை அடைமழை ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு மழை. செம்மண் சேறு சீலில் ஏறி உட்கார்ந்தால் அந்த இடைவெளி இன்னும் குறையும். டேம்பரைப் பிரித்து முழு சர்வீஸ் செய்வதற்குத் தனிக் கெடு. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது வருடத்துக்கு ஒரு முறை என்கிறது. அதற்குச் சிறப்புக் கருவிகள் வேண்டும். சீல் கிட்டும் அசல்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். விலை ஏற ஏற இந்தச் செலவும் கூடவே ஏறும்.

கீழ்க் கால் சர்வீஸை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். ஆலன் கீ, ரப்பர் சுத்தியல், அளவு போட்ட ஒரு சிரிஞ்ச் போதும். சிரிஞ்ச் ஏன் என்றால், ஒவ்வொரு காலுக்கும் பெரும்பாலும் 10 மில்லி சுற்றித்தான் எண்ணெய். சரியான அளவு ஃபோர்க்கின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். மோட்டார் பைக் ஃபோர்க் பிரித்துப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்தால் அவர் பழக்கத்தில் நூறு மில்லிக்கு மேல் ஊற்றிவிடுவார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. கார்னெட் என்பது தேய்ப்பதற்கென்றே தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் கனிமம். அது சீலில் ஒட்டிக்கொண்டு ஃபோர்க் ஏறி இறங்கினால் மேல் குழாயின் பூச்சு போய்விடும், காஷிமாவானாலும் கறுப்பானாலும். எக்ஸ்சிஎம் மாதிரி குரோம் பூசிய இரும்புக் குழாய் என்றால் உப்புக் காற்றில் துருப்புள்ளியே விழும். முட்டமோ குளச்சலோ போய்வந்தால் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்துவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் கன்னைப் பிடித்து சீல் மேல் அடிக்க விடாதீர்கள். மண்ணை உள்ளே தள்ளுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

விரல் மரத்துப்போவதற்கு வருகிறேன். அதற்கு ஃபோர்க் மட்டும் காரணமாக இருக்காது. தார் ரோட்டிலும் மரத்துப்போகிறதா என்று கவனியுங்கள். போகிறதென்றால் சீட் மூக்கு கீழே சாய்ந்து, உடம்பு பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்குகிறது. சீட்டைச் சமமாக வையுங்கள், பிரேக் லீவரை முன்கைக்கு நேராக வரும்படி கொஞ்சம் கீழே திருப்புங்கள், கிரிப் கெட்டியான பிளாஸ்டிக் என்றால் மாற்றுங்கள். டயரில் காற்று எவ்வளவு? பஞ்சர் கடையில் கல் மாதிரி அடித்துக்கொடுத்ததை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால், 2.25 இஞ்ச் டயரில் உங்கள் எடைக்கு 28, 30 பிஎஸ்ஐ வைத்து ஒரு ஞாயிறு ஓட்டிப் பாருங்கள். டியூப் உள்ளதால் அதற்குக் கீழே போக வேண்டாம், கல் விளிம்பில் கிள்ளிக்கொண்டு பஞ்சராகும். இதற்கெல்லாம் ஃபோர்க் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

ஃபாக்ஸ் ஆசை இன்னும் விடவில்லை என்றால், தனியாக ஃபோர்க் வாங்காதீர்கள். இந்த சைக்கிளை விற்றுவிட்டு, ரீகானோ அதற்கு மேலோ போட்டு, டேப்பர் ஹெட் டியூப், 15 மி.மீ. ஆக்ஸிலோடு வரும் சைக்கிளாகப் பாருங்கள். கம்பெனி மொத்தமாக வாங்கிப் போடும் ஃபோர்க்குக்கும் நீங்கள் சில்லறையில் வாங்கும் ஃபோர்க்குக்கும் விலை வித்தியாசம் நிறைய. நாளைக்கு மேலே போக வேண்டுமென்றாலும் அந்த ஃபிரேம் தாங்கும்.

பழைய ஃபோர்க் மலிவாகக் கிடைக்கிறது என்று திருவனந்தபுரத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ யாராவது படம் அனுப்பினால், முதலில் ஸ்டீரர் நீளத்தைக் கேளுங்கள். முதல் ஆள் தன் ஃபிரேமுக்கு வெட்டியிருப்பார். உங்களுடையதற்கு ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் அது உதவாது, ஒட்டுப்போட வழியில்லை. நேரில் பார்த்தால் மேல் குழாய் முழுக்க நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே சீல் கிழியும், எண்ணெய் கசியும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டி, சீலும் குழாயும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே லொடலொடவென்று ஆட்டம் தெரிந்தால், உள்ளே குழாயைத் தாங்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்துவிட்டது. புஷ் மாற்றும் செலவுக்கு அந்த மலிவு காணாது.

இப்போதைக்கு ஒரு வெர்னியர் கேலிப்பர் இரவல் வாங்கி ஹெட் டியூப் அளவை எடுங்கள். 34-ஆ 44-ஆ என்று தெரிந்தால், எந்த ஃபோர்க் என்பதில் பாதி முடிவாகிவிடும்.